ஊர் சுற்றாத செக்

மதுரைக் கிளையில் வாங்கிய எந்த செக் தாளின் அடிவிளிம்பிலும் கருப்பு மையில் கட்டையான வடிவில் ஓர் எண்வரிசை இருக்கும். முதலில் செக்கின் சொந்த எண் ஆறு இலக்கம். அதை அடுத்து வரும் ஒன்பது இலக்கம் 625 என்று தொடங்கும். அது மதுரையின் அஞ்சல் எண்ணின் முதல் மூன்று இலக்கம். மீனாட்சியம்மன் கோயில் வட்டாரத்துக் கடிதமும், மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் போகும் கடிதமும் இதே மூன்று இலக்கத்தில்தான் தொடங்கும். அடுத்த மூன்று வங்கியைக் காட்டும். ஸ்டேட் வங்கிக்கு 002, கனராவுக்கு 015, இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு 020. கடைசி மூன்று கிளைக்கு உரியது. அந்த மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால், மேலே முத்திரை குத்தினாலும் மைக்கறை பட்டாலும் இயந்திரம் காந்தத்தால் எண்ணைப் படித்துவிடும். 1980களில் இந்தியாவில் இந்த ஏற்பாடு வந்தது, செக் ஊர் ஊராகச் சுற்றும் என்பதற்காகத்தான். வழி தவறினாலும் 625 என்ற எண்ணைப் பார்த்து மதுரைக்குத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இன்று அந்த எண் அப்படியே இருக்கிறது. செக் மட்டும் மதுரைக்குத் திரும்பி வருவதில்லை.

அந்தக் காலத்துச் சுற்றைப் பார்ப்போம். கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை. துவரம்பருப்பு சென்னை சவுகார்பேட்டையிலிருந்து வருகிறது. கடைக்காரர் கல்லாப்பெட்டிக்குக் கீழே இருக்கும் செக் புத்தகத்தை எடுத்து, தொகையை எழுதி, மேலே இரண்டு கோடு போட்டு, வசூலுக்கு வந்தவரிடம் கொடுக்கிறார். செக் சென்னைக்குப் போகிறது. சவுகார்பேட்டைக்காரர் தன் வங்கியில் போடுகிறார். பணம் இருப்பதோ மதுரையில். அதனால் சென்னை வங்கி அதை உறையில் போட்டு, கூரியரிலோ பதிவுத் தபாலிலோ மறுபடி மதுரைக்கு அனுப்புகிறது. இங்கே கையெழுத்தை ஒத்துப் பார்த்துக் கணக்கில் கழிக்கிறார்கள். பிறகு பணம் வந்துவிட்டது என்ற தாக்கல் சென்னைக்குப் போகும். செக் தாள் மதுரைக் கிளையின் பழைய வவுச்சர் கட்டில் சேரும். எழுதிய கடைக்கும் தாள் அடங்கிய அறைக்கும் இடையே நடந்து போகிற தூரம்தான் இருக்கும். நடுவில் அது 900 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வந்திருக்கும்.

இந்தச் சுற்றுக்கு ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். செக் கொடுத்தவருக்கு அந்தத் தாமதம் வரப்பிரசாதம். பருப்பு கடைக்கு வந்து, பாதி விற்று, விற்ற காசு கணக்கில் ஏறிய பிறகுதான் செக் வந்து சேரும். வட்டியில்லாக் கடன் என்று அதை யாரும் சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் மாசி வீதிகளில் அதைக் கணக்கில் வைக்காமல் வியாபாரம் செய்தவர்கள் குறைவு. செக் வாங்கியவரின் புலம்பல் வேறு விதம். வங்கிகளுக்கு இது வெறும் தலைவலி. உறைகள், கூரியர் செலவு, தொலைந்த செக், வழியில் திருத்தப்பட்ட செக்.

அந்த நாளில் உள்ளூர் செக் இவ்வளவு தூரம் போகாது. ரிசர்வ் வங்கிக்கு அலுவலகம் இல்லாத ஊர்களில் ஒரு பெரிய வங்கி தீர்வகத்தை நடத்தும். வங்கி வங்கியாக ஆட்கள் கட்டுகளோடு வருவார்கள், உன்னுடையது இது, என்னுடையது இது என்று மாற்றிக்கொள்வார்கள், மீதிக் கணக்கை மட்டும் தீர்ப்பார்கள். 1770களில் லண்டன் லம்பார்டு தெருவில் வங்கிக் குமாஸ்தாக்கள் ஒரு கடையில் கூடிச் செய்ததும் இதே வேலைதான். இருநூறு வருஷத்துக்கு மேல் அந்த முறையில் பெரிய மாற்றம் வரவில்லை.

மதுரைக்குச் சொந்த வங்கிகள் இருந்த காலமும் உண்டு. கருமுத்து தியாகராசர் செட்டியார் 1943இல் தொடங்கிய மதுரை வங்கி 2001இல் ஐசிஐசிஐயில் கலந்தது. 1946இல் தோன்றிய பாண்டியன் வங்கியை 1963லேயே கனரா எடுத்துக்கொண்டது. மதுரைப் பெயர் அச்சிட்ட செக் தாள் அத்தோடு போயிற்று. பெயர் போனதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்த நாற்காலிகளும் ஊரைவிட்டுப் போயின. இதற்குப் பிறகு வருவோம்.

செக்கின் ஓட்டத்தை நிறுத்தியது முதலில் ஒரு சட்டத் திருத்தம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி செக் என்றால் தாள். தாளைக் காட்டினால்தான் பணம். 2002இல் வந்த திருத்தம் செக்கின் மின்னணுப் படத்தையும் செக் என்றே ஏற்றது. அதன்பின் 2008 பிப்ரவரி 1 அன்று டெல்லியிலும், 2011 செப்டம்பர் 24 அன்று சென்னையிலும், 2013இல் மும்பையிலும் சிடிஎஸ் என்ற புதிய முறை தொடங்கியது. சென்னையை மையமாகக் கொண்ட தென்னக வலைக்குள் மதுரையும் வந்தது. பின்னாளில் மூன்று வலைகளும் ஒன்றாயின. செக்கைப் போட்ட வங்கியிலேயே தாள் நின்றுவிடும், படம் மட்டும் போகும். ஒரு செக்குக்கு மூன்று படம்: முன்பக்கம் சாம்பல் நிறச் சாயலில் ஒன்று, முன்பக்கம் கருப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கருப்பு வெள்ளையில் ஒன்று. கூடவே அடிவிளிம்பு எண்கள்.

ஆக, கீழமாசி வீதியில் எழுதிய தாள் இப்போது சவுகார்பேட்டையோடு நின்றுவிடுகிறது. கூரியர் பை, மதுரைத் தீர்வகத்தின் கட்டுகள், வரிசைப்படுத்தும் இயந்திரம் எல்லாம் ஓய்ந்தன. நாடு முழுவதும் இப்படி நின்றுபோன வண்டியோட்டமும் உறைகளும் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வங்கிகள் இதைத் தங்கள் பசுமைக் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. எழுதிக்கொள்ளட்டும். ஆனால் சுற்றுச்சூழலை நினைத்துச் செய்த வேலையல்ல இது. நேரம், செலவு, மோசடி, இந்த மூன்றுக்காகச் செய்தது. புகை குறைந்தது கூடவே கிடைத்த லாபம். என் பார்வையில் இதில் கேவலம் ஒன்றும் இல்லை. செலவு மிச்சமாகும் பசுமைதான் வங்கிகளில் நிலைத்திருக்கிறது. செலவு வைக்கும் பசுமை, ஜூன் 5ஆம் தேதி கிளை வாசலில் மரக்கன்றோடு எடுத்த போட்டோவில் முடிந்துவிடுகிறது.

அதே காலத்தில் வங்கிகள் பசுமை என்ற பெயரிலேயே செய்த வேலைகளும் உண்டு. 2010 ஜூலை 1 அன்று ஸ்டேட் வங்கி பசுமை வழிக் கவுண்டர் தொடங்கியது. சலான் எழுத வேண்டாம், அட்டையைத் தேய்த்துப் பணம் போடலாம், எடுக்கலாம். சலான் மேடையில் நூலில் கட்டிய பேனாவுக்குக் காத்து நின்றவர்களுக்கு அது பெரிய விஷயம். அதே ஆண்டு ஏப்ரலில் அந்த வங்கி தன் கிளைகளின் மின்தேவைக்காகக் காற்றாலை வாங்கியது. ஒவ்வொன்றும் 1.5 மெகாவாட், மொத்தம் பத்து. தமிழ்நாட்டுப் பங்கு கோவை மாவட்டம் பணப்பட்டியில் நின்றது. ஒரு வங்கி தன் விளக்குக்கும் மின்விசிறிக்கும் தானே காற்றாலை நட்டது இந்தியாவில் புதுமைதான்.

புதிய செக்குக்கு வருவோம். படமாகப் போகும் செக்குக்குப் புதிய பிறப்பு தேவைப்பட்டது. தாளுக்குள் நீரெழுத்தாக சிடிஎஸ்-இந்தியா, புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் வங்கி முத்திரை, ஒளிநகல் எடுத்தால் செல்லாது என்ற சொல் தானே மேலெழும் அச்சு. தேதியைத் தவிர வேறெதிலும் அடித்துத் திருத்தக் கூடாது. நீளம் 202 மில்லிமீட்டர், அகலம் 92. சிடிஎஸ்-2010 என்ற இந்தத் தரத்தில் இல்லாத பழைய செக்குகள் என்னவாயின? வீட்டுக் கடன், வண்டிக் கடன் வாங்கியவர்கள் மாதத் தவணைக்கு முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்த பின்தேதி செக்குகள் நிதி நிறுவனங்களில் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவற்றைத் திரும்பப் பெற்றுப் புதிய தரத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டு அலமாரிகளில் இருந்த பாதிப் புத்தகங்கள் வீணாயின. பழைய செக்குகளுக்குத் தனி நாள் ஒதுக்கி, அதையும் மாதம் ஒருமுறையாகக் குறைத்து, கடைசியில் 2018 டிசம்பர் 31 உடன் தீர்வகம் அவற்றை வாங்குவதை நிறுத்தியது. காகிதத்தின் ஓட்டத்தை நிறுத்துவதற்காக ஒரு தலைமுறைக் காகிதத்தையே கழித்துக் கட்ட வேண்டியிருந்தது.

ஓட்டம் நின்ற தாள் இல்லாமல் போய்விடவும் இல்லை. செக்கை வாங்கிய வங்கி அந்தத் தாளைப் பத்து ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். முன்பு அது பணம் கொடுக்கும் வங்கியின் பொறுப்பு, இப்போது பணம் வாங்கும் வங்கியின் பொறுப்பு. தாளுக்கு அறை வேண்டும், அறைக்குக் கரையான் மருந்தும் காவலும் வேண்டும். படத்துக்கோ சர்வர் வேண்டும், சர்வருக்குக் குளிர்ந்த காற்று வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் காகிதமில்லா வங்கி என்று விளம்பரம் போகிறது.

செக் குறைந்துகொண்டே வந்ததும் உண்மை. சில்லறைப் பணப் பரிமாற்றங்களில் 2019-20இல் எண்ணிக்கைப்படி அதன் பங்கு 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் தொகைப்படி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு அப்போதும் செக்கிலேயே போனது. சின்னத் தொகைகள் மொபைலுக்கு மாறின, பெரிய தொகைகள் மாறத் தயங்கின. 2016இல் யுபிஐ வந்த பிறகு மாட்டுத்தாவணி பூச்சந்தையில் முழம் மல்லிகைக்கும் மொபைலை நீட்டுகிறார்கள், பெட்டி சத்தம் போட்டுத் தொகையைச் சொல்கிறது. லாரி லோடுக்கு மட்டும் இன்னும் செக்.

செக்கின் இடத்தைப் பாதி பிடித்த ஏடிஎம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடிக் கூண்டு, நாள் முழுக்க ஏசி, இரவெல்லாம் விளக்கு. மதுரை வெயிலில் அந்த ஏசி குடிக்கும் மின்சாரம் செக் சுற்றிய சுற்றைவிடக் குறைவா என்று யாராவது கணக்குப் பார்த்தால் நல்லது. சென்னை ஐஐடியின் அரவணைப்பில் வளர்ந்த வோர்டெக்ஸ் நிறுவனம் கிராமங்களுக்காக ஓர் ஏடிஎம் செய்தது. அது 100 வாட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் ஓடும், ஏசி வேண்டாம், கூரையில் சூரியத் தகடு போட்டாலும் போதும், கசங்கிய நோட்டையும் கொடுக்கும். நோட்டு மேலிருந்து கீழே இறங்க மோட்டார் பலத்தைவிடப் புவியீர்ப்பையே அதிகம் நம்பிய வடிவமைப்பு அது. ஸ்டேட் வங்கி நூற்றுக்கணக்கில் வாங்கியது. செலவையும் மின்சாரத்தையும் ஒரே வீச்சில் குறைத்த வேலை என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இதுவரை சொன்னதெல்லாம் வங்கி தன் வீட்டுக்குள் செய்த சிக்கனம். தாளும் கூரியரும் ஏசியும் சேர்ந்து வங்கியின் அழுக்கில் ஒரு துளி. மீதி எல்லாம், அந்த செக்கில் யார் பெயருக்கு என்ன வேலைக்குத் தொகை எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. மண்ணள்ளும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் கடனும் கண்மாய் தூர்வாரக் கொடுக்கும் பணமும் ஒரே அளவுத் தாளில்தான் போகின்றன. 202 மில்லிமீட்டர், 92 மில்லிமீட்டர்.

மதுரைச் சமவெளிக்கு இது வெறும் பேச்சல்ல. மேலூர் பக்கம் கிரானைட் வெட்டியதில் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012இல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அறிக்கை அனுப்பினார். அதே வட்டாரத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது, ஊர்கள் கொதித்தன, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையைக் காத்தது மக்களும் அரசியலும். இப்படி ஒரு திட்டம் நாளை கடன் கேட்டு வங்கிப் படி ஏறினால், மலையின் விலையைக் கேட்கும் கட்டம் விண்ணப்பத்தில் இருக்குமா என்பதுதான் கேள்வி. காலநிலை அபாயத்தை வங்கிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் வரைவு வெளியிட்டது. அந்தக் கட்டத்துக்கான முதல் கோடு அதுதான். அரிட்டாபட்டிக் குன்றை ஜன்னல் வழியே பார்க்காத நாற்காலியிலிருந்து அந்தக் கட்டத்தை நிரப்புவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில் போன செக்குகளும் இதே மண்ணில் உண்டு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1997இல் தனி அமைப்பானது. அதன் வேர்களான களஞ்சியம் மகளிர் குழுக்களும் கண்மாய்களுக்கான வயலகமும் அதற்கும் சில ஆண்டு முன்னமே தொடங்கியவை. களஞ்சியத்தில் பெண்கள் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு வங்கியிலும் கடன் வாங்கினார்கள். வயலகத்தில் கண்மாய்ப் பாசனக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, வெளியிலிருந்து வந்த பணத்தோடு தங்கள் பங்கையும் போட்டு, வரத்துக்கால் வெட்டி, மடை சரிசெய்து, கரையை உயர்த்தினார்கள். குழுக் கணக்கில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் செக் செல்லாது, இரண்டு பேராவது போட வேண்டும். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பல பெண்கள் முதலில் கையெழுத்துப் பழகியது இந்தச் செக்குக்காகத்தான். படமாகப் போனதோ தாளாகப் போனதோ, பசுமை செக் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் கண்மாய்க் கரைக்குப் போன இந்தச் செக்கைத்தான் காட்டுவேன்.

பெயரிலேயே பசுமை உள்ள டெபாசிட்டும் வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் பசுமை வைப்பு விதிகள் 2023 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. இந்தக் கணக்கில் சேரும் பணம் சூரிய சக்தி, காற்றாலை, நீர்ச் சிக்கனம், தூய போக்குவரத்து போன்றவற்றுக்கே போக வேண்டும், போனதா என்று வெளியாள் பார்த்துச் சான்று தர வேண்டும். நிலக்கரி, எண்ணெய் கூடாது. அணுமின் கூடாது. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையமும் கூடாது. அப்படியானால் மதுரைச் சமவெளிக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீர் வழியில் சுழற்றிவிட்டு வரும் லோயர் கேம்ப் மின்நிலையம் இந்தப் பட்டியலில் இடம் பெறாது, அது நூறு மெகாவாட்டைத் தாண்டியது. பெரிய அணைகள் காட்டையும் ஊரையும் மூழ்கடிப்பவை என்ற நியாயத்தில் வந்த விலக்கு இது. மேலூர் ஆயக்கட்டு விவசாயியிடம் சொன்னால் சிரிப்பார். ஸ்டேட் வங்கி 2024 ஜனவரியில் 1,111, 1,777, 2,222 நாள் கணக்கில் இத்தகைய டெபாசிட்டைத் தொடங்கியது, வட்டி வழக்கமானதைவிடக் கொஞ்சம் குறைவு. பசுமைக்கான விலையை வைப்பாளரே கொடுக்கச் சொல்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தை வைத்துக்கொண்டு கால் சதவீதத்துக்குக் கிளை கிளையாக ஏறி இறங்குகிறவர்களிடம் இது எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகம்.

செக்கின் கடைசி மாற்றம் அண்மையில் நடந்தது. 2025 அக்டோபர் 4 முதல், நாளுக்கு ஒருமுறை கட்டாக அனுப்பும் பழக்கம் போய், வங்கி நேரத்தில் செக் வரவரப் படமெடுத்து அனுப்புகிறார்கள். பணம் கொடுக்கும் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி, இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்றே பொருள். மாசி வீதிக்காரர் நம்பியிருந்த அந்த ஒரு வார அவகாசம் இப்போது ஒரு பகல். காலையில் செக் கொடுத்துவிட்டு மாலைக்குள் கணக்கில் பணம் புரட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தாளாகவே பயணம் போகும் செக் ஒரு வகை மிச்சமிருக்கிறது: பணமில்லாமல் திரும்பும் செக். சரியான செக்கின் தாள் வங்கி அறையில் அடங்கிவிடும். திரும்பிய செக்கின் தாளை மட்டும் காரணச் சீட்டோடு வங்கி வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1989 ஏப்ரலில் நடப்புக்கு வந்த 138ஆம் பிரிவின்படி அவர் 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. நோட்டீஸ், ஒப்புகை அட்டை, வாக்குமூலம், அவற்றுக்கெல்லாம் நகல் என்று ஒரு செக்கைச் சுற்றிக் காகிதக் கட்டு வளரும்.

இதில் பல, வட்டிக்கு வாங்கும்போது தொகையும் தேதியும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தவை. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. மதுரையிலும் சுற்று ஊர்களிலும் புரோநோட்டோடு இரண்டு வெற்றுச் செக் வாங்கும் வழக்கம் நிற்கவில்லை. வெற்றுச் செக்கில் வேறொருவர் தொகையை நிரப்பியிருந்தாலும், கையெழுத்து தன்னுடையது என்று கொடுத்தவர் ஒப்புக்கொண்டால் கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில்தான் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அந்தச் செக் கடன் கொடுத்தவரின் பீரோவில் ஸ்கேனர் பார்க்காமல் வருஷக்கணக்கில் கிடக்கும். ஒரு நாள் நிரப்பப்பட்டு வங்கிக்குப் போய், படமாகி, திரும்பி, பிறகு வக்கீல் கட்டோடு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே படம் போதாது, அசல் தாளைக் காட்ட வேண்டும். மதுரை நீதிமன்றத்தில் அதன் மேல் சான்றாவணம் என்று எண் போடுவார்கள், வாய்தாவுக்கு வாய்தா கட்டைப் பிரித்துக் காட்டுவார்கள், தீர்ப்பு வந்தாலும் மேல்முறையீட்டுக்குக் கட்டோடு போகும்.